அச்சிடத் தகாதவை



1727-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் நகரில் ஐஸக் நியூட்டன் தமது 84-ஆம் வயதில் காலமானார். பிரபுக்களுக்கு உரிய மரியாதையுடன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் அத்துணைப் பெரிய அறிஞர் உயில் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாதவராதலின் மக்களும் இல்லை. தாயின் மறுமணத்தால் வந்த உடன்பிறப்புகளின் பிள்ளைகளே சொத்துக்கு உரியவராயினர். வீட்டிலிருந்த பொருள்கள் பங்கிடப்பட்டன. எஞ்சியவை காகிதங்கள். எழுதிய எதையும் எளிதில் எறிந்துவிடாத ஒருவர், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருந்த காகிதங்கள்.

அவற்றில் அச்சேற்றி விற்கத்தக்கவை எவை என்று பார்க்க வேண்டும் என உறவினர் விரும்பினர். இராயல் சங்கத்து உறுப்பினரான தாமஸ் பெல்லட் என்னும் மருத்துவர் அந்தப் பணியை ஏற்றார். அவர் ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்தார். பண்டைய அரசுகளின் காலக் கணக்கைப் பற்றிய நூல் ஒன்று அச்சிடத் தகுந்தது என்று கண்டார். அது மறு ஆண்டே, 1728-இல், வெளிவந்தது. மற்றவற்றுள் மிகப் பலவற்றின் மேல் அவர் ஒரே ஒரு வரியை எழுதித் தம் பெயரையும் இட்டார். ‘அச்சிடத் தகாதது’ என்பதே அந்த வரியின் பொருள்.

நான் பல ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். நான் அறிந்திருந்த நியூட்டன் மூன்று விதிகளின் நியூட்டன்; ஈர்ப்பு விதியின் நியூட்டன்; மாணவர்களைத் தேர்வுக்குமுன் உறங்கவிடாத நுண்கணிதத்தின் நியூட்டன். அவர் எனக்கு ஒரு மனிதராகத் தோன்றியதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் இரவு, வீட்டிலிருந்த கணினியின் திரையில் பெல்லட் எழுதிய அந்த வரியை அவர் கையெழுத்திலேயே கண்டேன். முந்நூறு ஆண்டுகளாக ஒருசிலரே புரட்டிய தாள்கள் இப்போது என் வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. அவை வந்த வழி நேரான வழியன்று.

முதலில், அவை ஏன் தகாதவை ஆயின என்று பார்ப்போம். சில வெறும் வரைவுகள். எழுதியதையே திரும்பத் திரும்ப அடித்து எழுதியவை. சில இரசவாதக் குறிப்புகள். உலைகள், உலோகங்கள், பச்சைச் சிங்கம் என்றெல்லாம் மறைபொருளாகப் பேசும் ஏடுகள். ஆனால் உண்மையிலேயே அஞ்சத் தக்கவையாக இருந்தவை சமயக் குறிப்புகள். நியூட்டன் ஆழ்ந்த தெய்வ நம்பிக்கை உடையவர். ஆயினும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவரும் ஒருவரே என்னும் திரித்துவக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அது வேதத்தில் பின்னால் புகுத்தப்பட்ட பிழை என்று நூல்களை ஒப்பிட்டு எழுதி வைத்தார். இதில் உள்ள விந்தையைக் கவனியுங்கள். அவர் கற்றதும் கற்பித்ததும் திரித்துவத்தின் பெயரையே தாங்கிய டிரினிட்டி கல்லூரியில்! அக்கல்லூரியில் தொடர்ந்து இருக்கக் குருப்பட்டம் பெற்றாக வேண்டும். 1675-இல் அரசரின் தனி ஆணையால் அந்தக் கடமையிலிருந்து அவர் விலக்குப் பெற்றார். அவருக்குப்பின் அதே பேராசிரியர் பதவியில் அமர்ந்த வில்லியம் விஸ்டன் இத்தகைய கருத்தை வெளிப்படையாகக் கூறினார். 1710-இல் பல்கலைக் கழகத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். நியூட்டன் வாய் திறக்கவில்லை. பெட்டியைப் பூட்டி வைத்தார்.

பெட்டி, அவர் சகோதரியின் மகளை மணந்த ஜான் காண்டுயிட் என்பவரிடம் சென்றது. காண்டுயிட்டின் ஒரே மகள் 1740-இல் ஒரு பிரபுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். காகிதங்களும் அவளுடன் போர்ட்ஸ்மவுத் பிரபுக்களின் மாளிகைக்குச் சென்றன. அங்கே நூற்றுமுப்பது ஆண்டுகள் கிடந்தன. 1872-இல் அக்குடும்பத்துப் பிரபு, இவற்றுள் விஞ்ஞானம் சார்ந்தவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக்கு அளிப்பதாகக் கூறி, எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க அனுப்பினார். பேரறிஞர்கள் நால்வர் கொண்ட குழு அமைந்தது. பெளதிகத்தில் புகழ் பெற்ற ஸ்டோக்ஸ், நெப்டியூன் கோளின் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக் கூறிய ஆடம்ஸ் ஆகியோர் அதில் இருந்தனர். 1888-இல் பட்டியல் வெளிவந்தது. பதினாறு ஆண்டு உழைப்பு. கணிதமும் பெளதிகமும் பல்கலைக் கழகத்தில் நின்றன. இரசவாதம், சமயம், சரித்திரம் ஆகியவற்றில் பெரும்பகுதி மாளிகைக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

நால்வரையும் நான் குறை கூறமாட்டேன். பொறுமையாகவும் நேர்மையாகவும் உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் செய்தது பெல்லட் செய்ததையே அன்றோ? ஒரு மனிதரை இரண்டாக வகுத்து, ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியை வாசலுக்கு வெளியே விட்டனர். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நியூட்டன் காகிதத்தை வீணாக்காதவர். பிற்காலத்தில் நாணயச் சாலையின் தலைவராக இருந்தபோது, அலுவலகக் காகிதங்களிலும் வந்த கடிதங்களின் பின்புறத்திலும் சமய ஆராய்ச்சியை எழுதினார். முன்பக்கம் நாணயக் கணக்கு. பின்பக்கம் தீர்க்கதரிசியின் வாக்கு. அத்தாளை எந்தக் கட்டில் சேர்ப்பது?

பின்னர் வந்தது 1936. போர்ட்ஸ்மவுத் குடும்பம் பணத்துக்காகத் தன்னிடமிருந்த காகிதங்களை லண்டனில் சதபி நிறுவனத்தின் வாயிலாக ஏலம் விட்டது. ஜூலை மாதத்தில் இரண்டு நாள் ஏலம், 329 தொகுதிகள். கிடைத்த மொத்தத் தொகை 9,000 பவுனுக்குச் சற்று மேல். நாற்புறத்திலிருந்தும் வந்த புத்தக வியாபாரிகள் வாங்கிச் சென்றனர். ஓர் அறிஞரின் மனம் முந்நூறு துண்டுகளாகச் சிதறிற்று.

இருவர் இதைக் கண்டு மனம் வருந்தினர். ஒருவர் பொருளாதார மேதை ஜான் மேனார்டு கெயின்ஸ். ஏலத்தில் சிலவற்றை வாங்கியதோடு நில்லாமல், பிறர் வாங்கிச் சென்றவற்றையும் தேடிப்பிடித்து வாங்கினார். அவர் நாட்டம் இரசவாத ஏடுகளின்பால் சென்றது. பணத்தின் இயல்பை ஆராய்ந்தவர் தம் சொந்தப் பணத்தை இதைவிடச் சிறந்த வழியில் செலவிட்டிருக்க முடியாது என்பது என் எண்ணம். மற்றவர் ஜெருசலேமில் பிறந்த ஆபிரகாம் யஹூதா. கீழ்த்திசை மொழிகளில் வல்லவர். அவர் சமயக் குறிப்புகளைச் சேர்த்தார். இருவரும் தமக்கு வேண்டியவற்றைத் தம்முள் மாற்றிக்கொண்டதும் உண்டு. 1940-இல் ஐன்ஸ்டைன் யஹூதாவுக்கு எழுதிய கடிதத்தில் இக்குறிப்புகளைப் பற்றி மகிழ்ந்து கூறியிருக்கிறார். அம்மனிதரின் சிந்தனைப் பட்டறைக்குள் எட்டிப் பார்க்க இவை இடம் தருகின்றன என்பது அவர் கருத்து.

கெயின்ஸ் 1946-இல் மறைந்தார். அவர் சேகரம் கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றது. நியூட்டனைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த உரையை, அவ்வாண்டு நடந்த நியூட்டன் விழாவில் அவருடைய தம்பி படித்தார். பகுத்தறிவுக் காலத்தின் தொடக்கம் என்று நியூட்டனைக் கொள்வதைவிட, பழைய மாந்திரீக உலகத்தின் கடைசி மனிதர் என்று கொள்வதே பொருந்தும் என்பது அவ்வுரையின் சாரம். யஹூதா 1951-இல் அமெரிக்காவில் காலமானார். உயில் வழக்காகி, அவர் சேர்த்தவை 1969-இல்தான் ஜெருசலேமிலுள்ள தேசிய நூலகத்தை அடைந்தன. எனவே நியூட்டனை முழுமையாகப் படிக்க விரும்பியவர் கேம்பிரிட்ஜில் பல்கலைக் கழகத்துக்கும் கல்லூரிக்கும் செல்ல வேண்டும். லண்டனில் நாணயச் சாலை ஆவணங்களைக் காண வேண்டும். பிறகு ஜெருசலேமுக்கும் பயணப்பட வேண்டும். அதற்குரிய பொருளும் காலமும் அறிமுகக் கடிதமும் உடையவர் எத்தனை பேர்?

1998-இல் இங்கிலாந்தில் அறிஞர் சிலர் ‘நியூட்டன் திட்டம்’ என்ற பெயரில் ஒரு பணியைத் தொடங்கினர். நியூட்டன் எழுதிய அனைத்தையும், யாரும் எங்கிருந்தும் விலையின்றிப் படிக்கும்படி இணையத்தில் வெளியிடுவது என்பது நோக்கம். ராப் ஐலிஃப் என்னும் வரலாற்றாசிரியர் இதன் தலைவர்களுள் ஒருவர். இரசவாத ஏடுகளை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக் கழகத்தார் தனியே எடுத்துக்கொண்டனர். 2011 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் நூலகம் தன்னிடமிருந்த ஏடுகளில் 4,000 பக்கங்களுக்கு மேல் படமாக்கி வெளியிட்டது. மறு ஆண்டு ஜெருசலேம் நூலகமும் தன் ஏடுகளைத் திறந்துவைத்தது. 1936-இல் சுத்தியல் அடியால் சிதறியவை திரையில் மீண்டும் ஒன்று கூடின.

படம் பிடித்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. படமெடுக்கும் முன்பே பல ஏடுகளைச் செப்பனிட வேண்டியிருந்தது. நைந்த தாளை ஒட்டி, பிரிந்த கட்டடத்தைச் சீர் செய்த பிறகே அவற்றைக் காமிராவின் முன் விரிக்க முடியும். படம் வந்தபின் அதைவிடப் பெரிய வேலை தொடங்குகிறது. படத்தில் உள்ளது எழுத்தாயினும் கணினிக்கு அது எழுத்தன்று, வெறும் மைக்கறைதான். ஆகவே ஒருவர் அமர்ந்து, இலத்தீனும் பழைய ஆங்கிலமும் கலந்த பொடி எழுத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அடித்த சொல் எது, அடித்ததன் மேல் எழுதியது எது, வரிகளுக்கு இடையே செருகியது எது, ஓரத்தில் சேர்த்தது எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இட வேண்டும். இப்பணியைச் செய்தவர்கள் இரு வடிவங்களைத் தருகின்றனர். ஒன்று, அடித்தல் திருத்தல்களோடு உள்ளபடியே காட்டுவது. மற்றது, தடையின்றிப் படிக்கத்தக்கதாகச் சீர் செய்தது. நான் முதல் வடிவத்தையே விரும்புகிறேன். நியூட்டன் ஒரு வாக்கியத்தை நாலு முறை அடித்து எழுதியிருப்பதைக் கண்டபோது, கரும்பலகை முன் தடுமாறிய என் மாணவர்கள் நினைவுக்கு வந்தனர். அவர்களிடம் இதைக் காட்டியிருக்கலாமே என்று தோன்றிற்று.

இனி, நான் இரவு நெடுநேரம் விழித்திருந்து பார்த்த இரண்டு ஏடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் பொருட்காட்சிச் சாலையில் உள்ள சிறு குறிப்பேடு. 1662-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி, 19 வயது இளைஞரான நியூட்டன், தாம் செய்த பாவங்களை நினைவு கூர்ந்து அதில் ஒரு பட்டியல் எழுதினார். பிறர் படிக்காதிருக்கச் சுருக்கெழுத்தில் எழுதினார். ஆலயத்தில் ஆப்பிள் தின்றது, தாயின் பெட்டியிலிருந்து சர்க்கரை திருடியது, ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு பையனின் தொப்பியில் குண்டூசி செருகியது, தங்கையைக் குத்தியது. படிக்கும்போது புன்னகை வருகிறது. நடுவே ஒரு வரி வருகிறது, புன்னகை நின்றுவிடுகிறது. தாயையும் மாற்றாந்தந்தையையும் வீட்டோடு எரித்துவிடுவதாக மிரட்டினேன் என்கிறார்.

நியூட்டன் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். குழந்தைக்கு மூன்று வயதானபோது தாய், பர்னபாஸ் ஸ்மித் என்னும் முதிய பாதிரியாரை மணந்து, மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றாள். ஏழாண்டுகள் கழிந்து 1653-இல் அப்பாதிரியார் இறந்த பிறகே திரும்பி வந்தாள். அந்த ஏழாண்டுக் கோபம், அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளான பின்பும், பாவப் பட்டியலில் ஒரு வரியாக நிற்கிறது.

இரண்டாவது ஏடு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழக நூலகத்தில் உள்ள ஒரு பெரும் புத்தகம். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. நியூட்டன் இதற்கு இட்ட பெயரை நம் கடைத்தெரு வழக்கில் ‘சிட்டை’ என்றே சொல்லலாம். பேரேட்டில் ஏற்றுமுன் அன்றாட வரவு செலவைக் குறித்து வைப்போமே, அந்தச் சிட்டை. இந்தச் சிட்டையில்தான், 1664 முதல் சில ஆண்டுகளில், வளைகோட்டுக்குத் தொடுகோடு வரையவும், அதன் பரப்பைக் காணவும் வழி தேடி, நுண்கணிதத்தின் அடித்தளத்தை அவர் அமைத்தார். ஆனால் அந்தப் புத்தகம் அவர் வாங்கியதன்று. பக்கங்களின் தலைப்பில் வேறொரு கையெழுத்தில் சமயத் தலைப்புகள் இருக்கின்றன. சிலவற்றின் கீழ் ஓரிரு வரிகள். பெரும்பாலான பக்கங்கள் வெறுமை. எழுதியவர் மாற்றாந்தந்தையான ஸ்மித் பாதிரியார்! வேதக் கருத்துகளைத் தொகுக்க அவர் தொடங்கிய புத்தகம் அது. பாதியும் நிரம்பாமல் நின்றுபோனது. காகிதம் விலையுயர்ந்த அக்காலத்தில், அவர் விட்டுச் சென்ற வெற்றுப் பக்கங்களை மகன் எடுத்துக்கொண்டான்.

இதை அறிந்தபோது நான் எழுந்து சற்று நேரம் முற்றத்தில் நடந்தேன். வீட்டோடு எரிப்பேன் என்று எவரை மிரட்டினானோ, அவருடைய புத்தகத்தில் அமர்ந்து அச்சிறுவன் உலகத்துக்குப் புதிய கணிதத்தை எழுதினான். இவ்விரண்டு செய்திகளும் அறிஞர்களுக்குப் புதியவை அல்ல. சுருக்கெழுத்துப் பட்டியலை 1963-இலேயே ஓர் அறிஞர் படித்து வெளியிட்டுவிட்டார். ஆனால் இரண்டு தாள்களையும் ஒரே இரவில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க, என் போன்ற ஒரு பழைய வாத்தியாருக்கு இதற்குமுன் வழி இருந்ததில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சுருக்கெழுத்தில் மறைத்து எழுதியதை உலகமெல்லாம் படிக்க வைப்பது முறையா? இறைவனிடம் கூறியதை அயலார் கேட்கலாமா? எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஒன்று காண்கிறேன். அந்தக் குறிப்பேட்டை நியூட்டன் அறுபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தார். பிற்பட்ட பக்கங்களில் செலவுக் கணக்கு எழுதினார். சீட்டாட்டத்தில் தோற்ற பணமும், ஒளி ஆராய்ச்சிக்கு முப்பட்டகக் கண்ணாடி வாங்கிய விலையும் ஒரே கணக்கில் வருகின்றன. குளிர்காலம் தோறும் அறையில் கணப்பு எரிந்திருக்கும். அவர் அதை அதில் இடவில்லை.

முழுமையாகத் திறப்பதால் தீங்கும் நேர்கிறது. 2003-இல், உலகம் 2060-இல் அழியும் என்று நியூட்டன் கணித்தார் எனப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. ஜெருசலேம் ஏடுகளில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் அங்கே எழுதியிருப்பது, அவ்வாண்டுக்கு முன் முடிவு வரும் என்று கொள்ளக் காரணம் இல்லை என்பதே; அடிக்கடி நாள் குறித்துச் சொல்லி, அது பொய்த்துப்போக, வேதத்துக்கே இழுக்குத் தேடுவோரின் வாயை அடைக்கவே இதைக் குறிப்பிடுவதாகவும் கூறுகிறார். ஒரு வரியைப் பிய்த்து எடுத்தவர்கள் அவரைச் சோதிடராக்கிவிட்டனர். அடுத்த வரியைப் படித்தால் அவர் சோதிடரைக் கண்டிப்பவர் என்று தெரியும். அந்த அடுத்த வரி பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால், பத்திரிகை சொன்னதே நிலைத்திருக்கும். இன்று ஐயமுற்றவர் தாமே சென்று பார்த்துக்கொள்ளலாம், நான் பார்த்தேன்.

கடைசியாக, பெல்லட்டின் கையெழுத்தை நான் கண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சமய நூலிலோ இரசவாத ஏட்டிலோ அன்று. நியூட்டன் கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதிய ஒரு சிறு குறிப்பேடு. காலம், இயக்கம், ஒளி, நிறங்கள், கற்பனை என்று தலைப்புகள் இட்டு, பாடநூல்கள் கூறியவற்றையெல்லாம் ஓர் இளைஞர் தனியே அமர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கிய ஏடு அது. அவருடைய விஞ்ஞானம் முழுவதும் முளைவிட்ட பாத்தி. மருத்துவர் அதையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். அச்சிடத் தகாதது என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். நியூட்டனின் சொற்களைப் பெயர்த்து எழுதியவர்கள் அந்த வரியையும் விடாமல் தட்டச்சு செய்து, பெல்லட்டின் பெயரையும் சேர்த்தே இணையத்தில் வெளியிட்டிருக்கிறார்கள்.